இழப்பு: பூஜ்யம்

பட்டியல் வந்தபோது மணி பதினொன்று பத்து. பன்னிரண்டு பெயர்கள். பிரிஸ்கா முதலில் வயதுகளைத்தான் பார்த்தாள். முப்பத்தாறு, நாற்பத்தொன்று, முப்பத்துநான்கு, முப்பத்தொன்பது. தவறான பக்கம் திறந்துவிட்டது என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே பெயர்கள், அதே வயதுகள்.

அவள் நெடுங்கரை மாநகராட்சியின் பேரிடர்த் திட்ட அலுவலர். வயது நாற்பத்துமூன்று. நகரத்துக்குள் கதிரியக்கப் பொருள் கொட்டினால் முதல் நிமிடத்திலிருந்து யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் மூன்று வருடங்களாக அவளுடைய வேலை. துறைமுகமும் உருக்காலைகளும் பெரிய மருத்துவமனைகளும் இருக்கும் ஊர். கதிர்வீச்சுக் கருவிகள் தினமும் லாரிகளில் போய் வந்துகொண்டிருந்தன. என்றைக்காவது ஒன்று கைதவறும் என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு வியாழக்கிழமை கைதவறியது.

காலை எட்டரை மணிக்கு, சந்தைக்குப் பின்னாலுள்ள காயலான்கடைச் சந்தில், எடைக்கு வாங்கிய பழைய மருத்துவக் கருவியொன்றை ஒருவர் கேஸ் கட்டரால் பிளந்தார். உள்ளே இருந்தது சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். பார்ப்பதற்குப் பொடியுப்பு மாதிரி இருக்கும். எட்டு ஐம்பதுக்கு அந்தப் பக்கமாகப் போன பதினாலாம் நம்பர் பஸ் அலறத் தொடங்கியது. ஊரிலுள்ள எல்லா பஸ்களின் கூரையிலும் கதிர்வீச்சு உணர்கருவி வைக்கச் சொன்னவள் பிரிஸ்காதான். ஒன்பதேகாலுக்குள் சந்தையை மூடினார்கள். பத்தரைக்குள் ஆறாயிரம் பேர் பள்ளி மைதானத்தில் வரிசையில் நின்று குளித்து, மாற்றுடை வாங்கிக்கொண்டு, கொட்டகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரரும் கட்டர் பிடித்தவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். ஒத்திகையில்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு வந்த ஆணையர் சௌந்தரவேல், "பரவாயில்லையே!" என்று அவள் மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது ஒரே வேலை. பிளந்த உருளை பாதிப் பொடியோடு கடைக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்து ஈயப் பானைக்குள் வைப்பதற்காக அனுப்பிய எந்திரம் சந்தின் முனையிலேயே கம்பிச் சுருளில் சக்கரம் சிக்கி நின்றுவிட்டது. மூன்று மணிவாக்கில் பலத்த மழை என்று வானிலை மையம் சொல்லியிருந்தது. சந்தின் சாக்கடை ஓடையில் சேர்கிறது. ஓடை குடிநீர்க் குளத்தில் சேர்கிறது. அதற்குள் மனிதர்கள் உள்ளே போயாக வேண்டும். ஒருவர் ஏழு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஒருவர் பின் ஒருவராகப் பன்னிரண்டு பேர்.

அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று சொல்வதற்கும் ஒரு விதி இருந்தது. அதையும் அவள்தான் எழுதினாள். ஏழு நிமிடக் கதிர்வீச்சு ஆளை உடனே சாய்த்துவிடாது. பதினைந்து இருபது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம், வராமலும் போகலாம். ஆகவே ஆயுளில் குறைவாக இழக்கப்போகிறவர் முதலில் போக வேண்டும். "சின்னப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். வாழ்ந்து முடிச்ச நம்ம மாதிரி ஆட்கள் போவோம்" என்று திட்டக் குழுவில் அவள் சொன்னபோது பதினான்கு உறுப்பினர்களும் கைதட்டினார்கள். ஒத்திகைகளில் மாதிரிப் பெயர்களையும் மாதிரி வயதுகளையும் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். பட்டியலில் எப்போதும் ஓய்வுபெறப்போகும் பொறியாளர்களும் மேலாளர்களும்தான் வந்தார்கள். அந்தப் பதவிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு கவச உடையில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று முதல்முறையாக உண்மையான பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, பதவி. பன்னிரண்டிலும் பதவி ஒன்றேதான்: தூய்மைப் பணியாளர். அதற்கப்பால் இரண்டு எண்கள்.

முப்பிடாதி. வயது 36. எஞ்சிய ஆண்டுகள் 11. இழப்பு 0.

பட்டியலைத் தயாரிக்கும் கணினி நிரலை எழுதிய நிஜாமுதீன் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தான். அவன் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜாம், இது என்னது? மாதிரித் தரவு கலந்துடுச்சா?"

"இல்ல மேடம். மாநில நலப்பதிவேட்டுல இருந்து இன்னைக்குக் காலைல எடுத்தது."

"முப்பத்தாறு வயசுப் பொண்ணுக்குப் பதினோரு வருஷம்னு போட்டிருக்கு."

"நானும் மூணு தடவ பாத்துட்டேன். கணக்கு சரியாத்தான் இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "பதிவேடு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஆயுசு போடுது. என்ன வேலை, வீடு எங்க இருக்கு, எத்தன தடவ டிஸ்பென்சரிக்குப் போனாங்க, அதே வேலை பாத்தவங்க எந்த வயசுல செத்தாங்க, எல்லாத்தையும் சேத்து. சாக்கடை வேலை பாக்கறவங்களுக்கு நாப்பத்தேழு, அம்பதுக்கு மேல வரவே மாட்டேங்குது."

"ஆணையருக்கு?"

"சாருக்கு இப்ப அம்பத்தெட்டு. எண்பத்தாறு வரைக்கும்னு சொல்லுது. வரிசையில அவர் ரெண்டாயிரத்து நூறாவது ஆளுக்கு அந்தப் பக்கம். நீங்க..."

"என்னை விடு. இழப்பு பூஜ்யம்னா என்ன அர்த்தம்?"

நிஜாமுதீன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புத்துநோய் வரணும்னாலே குறைஞ்சது பதினஞ்சு வருஷம் ஆகும். அதுக்கு முன்னாடியே அவங்க இருக்க மாட்டாங்க. அதனால கதிர்வீச்சால அவங்களுக்குப் போறது ஒண்ணும் இல்ல. அதான் பூஜ்யம். நீங்க எழுதின விதிதான் மேடம்."

பிரிஸ்கா எழுந்தாள். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஆணையரிடம் போனாள்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் முகம் மாறியதை அவள் கவனித்தாள். ஆனால் குரல் மாறவில்லை.

"யாராவது பேரைச் சேத்தாங்களா? எடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"விதி தப்பா?"

"நான் நினைச்சது வேற சார்."

"நீங்க நினைச்சத நான் கேக்கல. தப்பு எங்கன்னு காட்டுங்க, இப்பவே நிறுத்தறேன். மூணு மணிக்கு மழை. நாலு லட்சம் பேர் அந்தத் தண்ணியக் குடிக்கறாங்க."

அந்தத் தாளில் தவறான எண் ஒன்றுகூட இல்லை.

"திட்ட அலுவலர் எழுத்துல குடுத்தா பட்டியலை மாத்தலாம்னு ஒரு பிரிவு இருக்கு சார்."

"இருக்கு. எழுதுங்க. அப்புறம் நடக்கறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவள் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

சந்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, தீயணைப்பு நிலையத்தின் முற்றத்தில் கவச உடைகளை விரித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். பட்டியல் உருவான அதே நொடியில் அவர்களுடைய கைப்பேசிகளுக்குத் தானாகவே அழைப்பு போயிருந்தது. தீயணைப்பு வண்டியின் நிழலில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முப்பிடாதி யாரு?"

"நாந்தான் மேடம்." குள்ளமான பெண் ஒருத்தி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமி முடித்துவிட்டு நின்றாள்.

"எதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னாங்களா?"

"வெசப்பொடி கெடக்காம். உருளையோட தூக்கிப் பானைக்குள்ள வைக்கணுமாம். ஏழு நிமிசத்துல வெளிய வந்துரணும்னு சொன்னாவ. ஒத்திகைக்கு நாங்களும் வந்தோம்லா, சட்ட மாட்டுததெல்லாம் தெரியும்."

"ஏன் உங்களைக் கூப்பிட்டாங்கன்னு கேக்கலையா?"

முப்பிடாதிக்குக் கேள்வி புரியவில்லை. "வேற யாரக் கூப்பிடுவாவ?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து என்பவர் சிரித்தார். நாற்பதைத் தாண்டியவர்; பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. "பாதாளச் சாக்கட அடச்சா நாங்க. வெள்ளத்துல பொணம் ஒதுங்குனா நாங்க. இதக் கண்டுபிடிக்க எதுக்கு மேடம் ஒரு மிசினு? ஒரு போனு போட்டா வந்துருப்பமே."

மற்றவர்களும் சிரித்தார்கள். காரணத்தைப் பிரிஸ்கா சொல்லாமலே இருந்திருக்கலாம். பட்டியல் ரத்து, வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் கையில் தாள் இருந்தது. அவள் தரையில் அவர்கள் எதிரே உட்கார்ந்து, விதி என்ன, பதிவேடு என்ன, அந்த எண்கள் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

முப்பிடாதி தாளை வாங்கித் தன் பெயரைத் தேடினாள். முதல் வரியிலேயே இருந்தது.

"இத யாரு சொன்னது மேடம்? டாக்டரா?"

"டாக்டர் இல்ல. பதிவேடுதான் கணக்குப் போடுது. எல்லாருக்கும் போட்டு வெச்சிருக்கு."

"எப்பத்துல இருந்து?"

"ஏழெட்டு வருஷமா."

"நான் நாப்பத்தேழுல செத்துருவேன்னு ஏழெட்டு வருசமா ஆப்பீசுல தெரியுமா?"

பிரிஸ்கா தலையசைத்தாள்.

"தெரிஞ்சிக்கிட்டு சும்மாவா இருந்திய?"

முப்பிடாதி கத்தவில்லை. தண்ணீர் வரும் நேரத்தை விசாரிப்பதுபோல்தான் கேட்டாள். பதில் ஏதாவது இருக்கும் என்று உண்மையிலேயே எதிர்பார்த்த மாதிரி பிரிஸ்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிஸ்கா எழுந்து, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

திட்டக் குழுவில் அன்று கைதட்டிய பதினான்கு பேருக்கும் வரிசையாகப் போன் செய்தாள். ஒருவர் சென்னையில் இருந்தார். ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒருவர், "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்றார். இன்னொருவரின் போனை அவர் மனைவி எடுத்து, அவர் தூங்குகிறார் என்றாள். பின்னணியில் அவரே இருமுவது கேட்டது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தவர்களும் உண்டு. கடைசியில் வருகிறேன் என்றவர்கள் மூன்று பேர்: குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர்கள் இருவர், ஓய்வுபெற்ற நெஞ்சக மருத்துவர் இம்மானுவேல் ராஜமணி. டாக்டருக்கு அறுபத்தேழு வயது. தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "நான் கைதட்டினேன்ல? வந்துதானே ஆகணும்" என்றார்.

மணி ஒன்றே காலுக்கு டாக்டர் உள்ளே போனார். தலைக்கவசத்திலிருந்த கேமராவின் படம் முற்றத்துத் திரையில் ஓடியது. எல்லோரும் அதன் முன் நின்றார்கள். சந்து முழுக்கக் கம்பிச் சுருள்கள், உடைந்த மிதிவண்டிகள், தகரங்கள். டாக்டர் ஒரு சுருளை இழுத்தார், வரவில்லை. இன்னொரு பக்கம் சுற்றிப் போகப் பார்த்தார். உடை ஆணியில் மாட்டியது. அதை விடுவிப்பதற்குள் ஐந்து நிமிடம் போனது. வெறுங்கையோடு வெளியே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றியதும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அடுத்துப் போன பொறியாளர் இரண்டு தகரங்களை நகர்த்தினார். மூன்றாவதைத் தூக்கும்போது அடுக்கே சரிந்து, வந்த வழியும் அடைந்தது.

இரண்டு முறை போயும் கடைவாசலைக்கூட நெருங்க முடியவில்லை. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

முப்பிடாதி திரையிலிருந்து திரும்பினாள்.

"போதும் மேடம். நீங்க நல்ல மனசுலதான் செய்யுதிய. ஆனா அந்தக் கொளத்துத் தண்ணியத்தான் எங்க தெருவுலயும் குடிக்கோம். அவியளுக்கு ஒரு இரும்பப் பெரட்டத் தெரியல. மழ வந்துரும்."

"நான் பட்டியலை ரத்து பண்ணிட்டேன் முப்பிடாதி. நீங்க போக வேண்டியதில்ல."

"மிசினு சொல்லிச்சுன்னு நாங்க போவல. நாங்களாத்தான் போறோம். அதையும் எழுதிக்கிடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீங்களும் வருவியளா?"

"வருவேன்."

"அப்ப அஞ்சாவது ஆளா வாங்க. அதுக்குள்ள நாங்க பாதைய எடுத்துருவோம். நீங்க கடைக்குள்ள கெடக்க சுருள மட்டும் இழுத்துப் போட்டா போதும்."

அதன் பிறகு எல்லாம் முப்பிடாதி சொன்னபடி நடந்தது. யார் எப்போது, எதை நகர்த்துவது, எங்கே போடுவது என்று அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். மூன்றாவதாகப் போனவர் சரிந்த தகரங்களை மூன்று நிமிடத்தில் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்தார். நான்காவது ஆள் எந்திரத்தின் சக்கரத்தையே விடுவித்து ஒரு பக்கமாக உருட்டினார்.

ஐந்தாவதாகப் பிரிஸ்கா போனாள். கவச உடைக்குள் அவளுடைய மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. இடுப்பிலிருந்த மானி ஒவ்வொரு அடிக்கும் வேகமாகச் சொடுக்கியது. கடைக்குள் ஒரு முக்காலியில் பாதி குடித்த டீ ஆடை படிந்து இருந்தது. ஒற்றைச் செருப்பு. மேசைமேல் ஒரு கைப்பேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி அடித்தது. யாரோ வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். தரையில் அந்த உருளை. அதைச் சுற்றி, யாரோ கோலம் போடத் தொடங்கி விட்டுவிட்டதுபோல் வெள்ளைப் பொடி. அவள் மூன்றாண்டுகள் பக்கம் பக்கமாக எழுதியது இதைப் பற்றித்தான். ஒருமுறைகூட அவள் மனதில் இது ஒரு டீ டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்ததில்லை. மூன்று சுருள்களை இழுத்து வெளியே போட்டாள். நான்காவதைப் பிடித்தபோது ஏழாவது நிமிடத்தின் மணி அடித்தது.

முப்பிடாதி ஒன்பதாவதாகப் போனாள். நீளமான இடுக்கியால் உருளையைப் பிடித்து, ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் ஈயப் பானைக்குள் இறக்கி, மூடியைத் திருகினாள். நாலரை நிமிடம். பிறகு வந்தவர்கள் பொடிமேல் பசையைத் தெளித்து, வழித்து, டப்பாக்களில் அடைத்தார்கள். கடைசி ஆளான இன்னொரு பொறியாளர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு ஐம்பது. பத்து நிமிடத்தில் மழை கொட்டியது. குளத்துத் தண்ணீரை அன்று மாலையும் மறுநாளும் சோதித்தார்கள். ஒன்றும் கலக்கவில்லை.

அழைக்கப்பட்ட பன்னிரண்டு தொழிலாளர்களில் எட்டுப் பேர்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. சுடலைமுத்துவும் மற்ற மூவரும் பெயர் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

உள்ளே போனவர்களுக்குப் பதினாறு நாள் மருத்துவமனைக் கண்காணிப்பு. திட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம் அப்படிச் சொன்னது: கதிர்வீச்சுப் பட்டவர்களுக்குத் தலைமுதல் கால்வரை முழுப் பரிசோதனை, அதில் தெரியவரும் எந்த நோய்க்கும் இலவச சிகிச்சை. எட்டுத் தொழிலாளர்களும் மற்ற நால்வருமாகப் பன்னிரண்டு பேரும் ஒரே நீண்ட கூடத்தில் இருந்தார்கள். ஆண்களையும் பெண்களையும் நடுவே ஒரு துணித் தடுப்பு பிரித்தது. யாருக்கும் அளவு வரம்பைத் தாண்டவில்லை. பிரிஸ்காவுக்கு மூன்றாம் நாளே ஒரு மெமோ வந்தது. பட்டியலை ரத்து செய்து ஒன்றேமுக்கால் மணி நேரத்தை வீணாக்கியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மத்தியானம், தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் ராஜமணியின் குரல் கேட்டது.

"இருமுறது யாரும்மா?"

"நாந்தான் சார், முப்பிடாதி."

"எத்தன வருஷமா இந்த இருமல்?"

"அது கெடக்கு, ஒரு அஞ்சாறு வருசமா. டிஸ்பென்சரில செவப்பு மருந்து குடுப்பாவ."

"நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்தாங்களா?"

"தள்ளி நின்னுதான் சீட்டு எழுதுவாவ சார்."

டாக்டர் நோயாளிச் சட்டையோடு எழுந்து போய், கண்காணிப்புக்காக எடுத்திருந்த அவளுடைய நெஞ்சுப் படத்தை வாங்கிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் பார்த்தார். பிறகு மற்ற ஏழு தொழிலாளர்களுடையதையும் கேட்டு வாங்கினார். சாயங்காலம் தாள்களோடு பிரிஸ்காவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"நுரையீரல்ல நாள்பட்ட தொற்று. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாப் போகும். ரத்த அழுத்தம் நூத்தியெண்பது. அதுக்கு ஒரு மாத்திரை. சிறுநீரகம் இப்பதான் லேசா கெட ஆரம்பிச்சிருக்கு, அதையும் நிறுத்தலாம். அவ்வளவுதான்மா. அந்தப் பதினோரு வருஷம்னு உங்க மிஷின் சொன்னது இதைத்தான்."

"மத்தவங்களுக்கு?"

"ஒருத்தருக்கு ஈரல், ரெண்டு பேருக்கு இதே நுரையீரல். எல்லாமே மாத்திரையில அடங்கற வியாதி." அவர் தாள்களை மடித்தார். "முப்பது வருஷம் நான் இந்த ஊர்லதான் நெஞ்சு டாக்டரா இருந்தேன். இவங்கள்ல ஒருத்தர்கூட என் அறைக்கு வந்ததில்ல. வரலயேன்னு நானும் நினைச்சதில்ல."

வெளியே வந்ததும் பிரிஸ்கா ஒரு கடிதம் எழுதினாள். மாநகராட்சியின் அறுநூற்று நாற்பது தூய்மைப் பணியாளர்களுக்கும் அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. முழுப் பரிசோதனை, ஒன்பதாம் அத்தியாயத்தின்படி, கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் வழக்கம்போல் டிஸ்பென்சரியை அணுகலாம். 'மட்டுமே' என்ற சொல் அவள் எழுதியதுதான். திட்டத்தைச் செறிவாக எழுத வேண்டும் என்று அப்போது அவள் மெனக்கெட்டிருந்தாள். மறுபடி எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து, நலப்பதிவேடு வருடாந்திரக் கணக்கைப் புதுப்பித்த வாரம், நிஜாமுதீன் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். மடித்த தாளொன்றை மேசைமேல் வைத்தான்.

"பட்டியலை மறுபடி ஓட்டிப் பாத்தேன். முப்பிடாதி அக்கா பேரு முதல் ஆயிரத்துல இல்ல மேடம்."

அவள் பதறிப்போனாள். "என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல. ஆயுசு கூடிடுச்சு. பதினொண்ணா இருந்தது இப்ப இருபத்தொம்பது. வைத்தியம் பாத்தாங்கல்ல, அது பதிவேட்டுல ஏறியிருக்கு. உள்ள போன எட்டுப் பேருக்குமே கூடியிருக்கு. குறைஞ்சது பன்னெண்டு வருஷம்."

"கதிர்வீச்சால போனது?"

"சராசரியாப் பாத்தா ரெண்டு மாசம்."

அவள் தாளை விரித்தாள். புதிய பட்டியலிலும் பன்னிரண்டு பெயர்கள். பன்னிரண்டும் தூய்மைப் பணியாளர்கள். முதல் நான்கு பெயர்கள் அவளுக்குத் தெரிந்தவை. அன்று வந்து, தேவைப்படாமல் மழையில் திரும்பிப் போனவர்கள். முதல் வரியில் சுடலைமுத்து.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவள் வார்டு அலுவலகத்துக்குப் போனாள். வெயில் இன்னும் ஏறவில்லை. இருநூறு பேர் வருகைப் பதிவுக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டைவிரலை வைத்துவிட்டு, துடைப்பத்தையோ தள்ளுவண்டியையோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். முப்பிடாதி வரிசையின் நடுவில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளுக்கு முன்னால் நாலாள் தள்ளி நின்ற சுடலைமுத்து சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பிரிஸ்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இருபத்தொன்பது என்று சொல்லும்போது தன்னை அறியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பிடாதி ஒருமுறை அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"உள்ள போனதுனாலயா மேடம் கூடிச்சு?"

"உள்ள போனதால ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்தாங்க. பாத்ததால கூடிச்சு."

"அண்ணனுக்கு எத்தன போட்டிருக்கு?" அவள் சுடலைமுத்துவைக் கண்ணால் காட்டினாள்.

பிரிஸ்கா சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் தெரிந்துகொண்டு சும்மாவா இருந்தீர்கள் என்று இந்தப் பெண் அன்று கேட்டது இன்னும் காதில் இருந்தது.

"ஏழு."

"அண்ணன் உள்ள போவல."

"போகல."

"அதனால அவர யாரும் பாக்கல."

"நான் எழுதினேன் முப்பிடாதி. ரெண்டு தடவ எழுதினேன். கதிர்வீச்சு பட்டவங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

முப்பிடாதி வரிசையைப் பார்த்தாள். முன்னிருந்து பின்வரை, ஒவ்வொரு முகமாக, எண்ணுகிறவள்போல் பார்த்தாள். பெயர் கூப்பிடுகிறவர் அவளுக்கு முந்திய பெயரை வாசித்தார்.

"அடுத்த தடவ எங்கனயாவது அந்தப் பொடி கொட்டுச்சுன்னா மேடம், எங்க ஆளுவ அம்புட்டுப் பேரையும் உள்ள அனுப்பிருங்க. ஆளுக்கு ஒரு நிமிசம் போதும்."

பிரிஸ்கா திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு வேலையை எப்படி முடிப்பது என்று யோசித்துச் சொல்கிற முகமாக இருந்தது.

"வெளிய வந்தா டாக்டரு பாப்பாருல்லா" என்றாள் முப்பிடாதி.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.